மை பட்ட சட்டைப்பை

ஸ்ரெல்லாவின் வீட்டில் ஒரு சாப்பாட்டு மேசை இருந்தது. ஒக்டோபர் பிறந்துவிட்டால் அதில் யாரும் சாப்பிடுவதில்லை. இத்தாலியின் பலெர்மோ நகரில், போர்கோ வெக்கியோ பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி, இரண்டே அறைகள். மேசையின் ஒரு தலைப்பில் தையல் மெசின், மற்றத் தலைப்பில் அயன் பெட்டி, நடுவில் துணி. அவளும் கணவன் றெஜியும் சோற்றுக் கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு கட்டில் விளிம்பில் இருந்து சாப்பிடுவார்கள். றெஜி ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை செய்துவந்தான். சோற்றில் நூல் கிடந்தால் எடுத்துப் போட்டுவிட்டுப் பேசாமல் சாப்பிடப் பழகியிருந்தான்.

மன்னாரில் பேசாலை அவளுடைய ஊர். பலெர்மோவுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல். வந்த முதல் ஆறு வருடமும் அவள் ஊசியைத் தொடவில்லை. வீடு துடைக்கவும் பிள்ளை பார்க்கவுமே நேரம் சரியாக இருந்தது. ஒரு நாள் அவள் பார்த்துக்கொண்டிருந்த குழந்தையின் பொம்மையைக் கடல் இழுத்துக்கொண்டு போய்விட்டது. குழந்தை மூச்சடைக்க அழுதது. அன்று பின்னேரமே தன் பழைய பெனியன் ஒன்றை வெட்டி, பஞ்சு அடைத்து, கறுப்பு நூலால் கண் வைத்து ஒன்று செய்து கொடுத்தாள். அதைப் பார்த்த இன்னொரு தாய் கேட்டாள். அவளைப் பார்த்து வேறொருத்தி கேட்டாள். சின்னத் துணித்துண்டுகளைப் பொருத்திப் போர்வை தைப்பதைப் போனில் வீடியோ பார்த்துப் பழகினாள். முதல் போர்வை தண்ணீரில் போட்டதும் சுருங்கி முறுக்குப் போலானது. இரண்டாவது நன்றாக வந்தது.

ஒரே வேலையைப் பிடித்துக்கொண்டிருந்தால் கை தூங்கிப்போகும் என்பது அவளுடைய கொள்கை. பொம்மைக்குக் கண் தைத்துத் தைத்துக் கண் பூத்தால், எழும்பிப் போய்ப் போர்வையில் நேர்த் தையல் ஓடுவாள். அதில் முதுகு பிடித்தால், இருந்து பொம்மைக்கு மயிர் பின்னுவாள். ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு பை வைத்திருந்தாள். எந்தப் பைக்குள் என்ன கிடக்கிறது என்பது அவளுக்குத் தலைக்குள் இருந்தது. வெளியில் எங்கும் எழுதி ஒட்டவில்லை.

அந்த வருடம் மூன்று வேலைகள் ஒரே கிழமையில் முடிய வேண்டியிருந்தன.

முதலாவது, முப்பது பொம்மைகள். வியா மக்வேதா தெருவில் கைவேலைச் சாமான் விற்கும் தொனாத்தெல்லா கேட்டிருந்தாள். பலெர்மோவில் நவம்பர் இரண்டாம் திகதி, மரித்தவர்களின் நாள், பிள்ளைகளுக்கு வருடத்தின் பெரிய நாள். குடும்பத்தில் செத்துப்போனவர்கள் முதல் நாள் இரவு வந்து விளையாட்டுச் சாமான் வைத்துவிட்டுப் போவார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பார்கள். பெற்றோர் முன்கூட்டியே வாங்கி அலுமாரிக்குப் பின்னாலும் கட்டிலுக்குக் கீழேயும் ஒளித்து வைப்பார்கள்.

இரண்டாவது, சிநேகிதி கிருசாந்தினியின் பேத்திக்கு ஒரு சின்னப் போர்வை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள். பிறப்புத் தீட்டான துடக்கைக் கழித்துப் புதுப் போர்வையில் கிடத்த வேண்டும்.

மூன்றாவதுதான் பெரியது. பக்கத்து ஊரான பகேரியாவில் இருக்கும் சின்யோரா அகத்தாவின் வீட்டில் ஸ்ரெல்லா பதினொரு வருடமாகச் செவ்வாயும் வியாழனும் வேலை செய்கிறாள். சின்யோராவின் கணவர் பியெத்ரோ போன வருடம் இறந்தார். பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வெடுத்த மனிதர். எந்நேரமும் குசினி மேசையில் இருந்து குறுக்கெழுத்து நிரப்புவார். பேனையை மூடாமலே சட்டைப்பையில் செருகுவார். ஸ்ரெல்லா எத்தனையோ சேட்டுகளில் எலுமிச்சம்புளியும் உப்பும் போட்டு மை போகத் தேய்த்திருக்கிறாள். செப்டெம்பரில் சின்யோரா அவருடைய இருபத்திரண்டு சேட்டுகளையும் ஒரு பெட்டியில் அடுக்கிக் கொடுத்து, "இதுகளை ஒரு போர்வையாக்கித் தா. அவற்ற முதலாம் ஆண்டுத் திருப்பலிக்குத் தொரினோவிலை இருந்து மகள் வருவாள். அவளுக்குக் காட்ட வேணும்," என்றாள். திருப்பலி திங்கட்கிழமை. போர்வை சனிக்கிழமை போய்ச் சேர வேண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குச் சின்யோரா போன் எடுத்தாள். இருவரும் கதைப்பது இத்தாலிய மொழியில். சின்யோரா என்றால் அம்மா என்பது போல ஒரு மரியாதைச் சொல்.

"ஸ்ரெல்லா, நீல நிறத்திலை சின்னக் கட்டம் போட்ட சேட் ஒண்டு இருக்கும். பாத்தியோ?"

"ஓம் சின்யோரா, இருக்கு."

"அதுதான் கடைசி நாள் போட்டிருந்தது. உன்னட்டைக் கழுவத் தரேல்லை. நானே பச்சைத் தண்ணியிலை அலசி வைச்சனான். அதின்ர பொக்கற்றுக்குள்ளை ஒரு மைப்பொட்டு இருக்கும். அந்தப் பொக்கற்றை அப்பிடியே கழட்டி நடுவிலை வை. முதலே சொல்லியிருக்க வேணும். சொல்ல வாய் வரேல்லை."

"சரி சின்யோரா," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். போர்வையின் மேற்பக்கம் பொருத்தி முடிந்து சுவரில் தொங்கியது. அதில் நீலக் கட்டம் எங்கே?

சேட்டுகளை அவள் முன்பே பிரித்திருந்தாள். கை வேறு, முதுகு வேறு, கொலர் வேறு, பொக்கற் வேறாக்கி, அயன் பண்ணி அடுக்கியிருந்தாள். அந்தப் பையைக் கவிழ்த்தாள். நீலக் கட்டத்தில் ஒரு கொலரும் ஒரு கையும் மட்டும் விழுந்தன. மற்றப் பையைக் கவிழ்த்தாள். பொம்மைச் சட்டைக்கென்று சந்தையில் வாங்கிய வெட்டுத்துணி மடிப்புக் குலையாமல் கிடந்தது. அதுவும் நீலம். அதுவும் சின்னக் கட்டம்.

செவ்வாய்க்கிழமை நடந்தது அப்போதுதான் அவளுக்குத் திரும்பி வந்தது. பொம்மைகளில் ஆறுக்குச் சட்டை போதவில்லை. பகேரியாவிலிருந்து வந்த களைப்போடு மேசையில் கிடந்த நீலக் கட்டத்தை எடுத்து வெட்டினாள். கழற்றி வைத்த பொக்கற் ஒன்று கையில் தட்டுப்பட்டபோது, பொம்மைக்கு முன்பு தான் தைத்து வைத்த பை என்றே நினைத்தாள். அதைப் பார்த்து மற்ற ஐந்து பொம்மைக்கும் பை தைத்தாள். வடிவாக இருக்கிறது என்று தன்னைத்தானே மெச்சியும் கொண்டாள். புதன்கிழமை முப்பதையும் தொனாத்தெல்லாவிடம் கொடுத்துவிட்டாள்.

றெஜி அப்போதுதான் குளித்துவிட்டு வந்தான். நிலமெல்லாம் துணி. நடுவில் மனைவி கொலரைக் கையில் பிடித்தபடி.

"என்னப்பா நடந்தது?"

"செத்த மனுசன்ர சேட்டை வெட்டிப் பொம்மைக்குப் போட்டுட்டன்," என்றாள்.

அவன் இரண்டாவது கேள்வி கேட்பதற்குள் அவள் சப்பாத்தை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

பொலித்தேமா அரங்கைத் தாண்டி வியா மக்வேதாவுக்கு நடந்தால் இருபது நிமிடம். அன்று எவ்வளவு நேரம் எடுத்ததென்று அவளுக்குத் தெரியாது. தெரு முழுக்கச் சனம். கடைக் கண்ணாடிகளுக்குப் பின்னால் சீனியில் வார்த்த பொம்மைகளும் பழம் போலப் பிசைந்த இனிப்புகளும் அடுக்கியிருந்தன. எதிரே வந்த ஒரு சிறுமியின் கையில் துணிப்பொம்மை தெரிந்தபோது ஸ்ரெல்லா நின்று உற்றுப் பார்த்தாள். அது தன்னுடையதல்ல.

தொனாத்தெல்லா சிரித்துக்கொண்டு வரவேற்றாள். "உன்ர பொம்மையளிலை பத்தொன்பது வித்துப்போச்சு, ஸ்ரெல்லா. இன்னும் இருக்கோ?"

"நீலக் கட்டச் சட்டைக்காரியள் எங்கை?"

நான்கு பேர் தட்டில் இருந்தார்கள். ஸ்ரெல்லா ஒவ்வொன்றாக எடுத்துச் சின்னப் பைக்குள் விரலை விட்டு வெளிப்புறமாகத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றில் இல்லை. இரண்டில் இல்லை. நான்கிலும் இல்லை.

"மற்ற ரெண்டும்?"

தொனாத்தெல்லா யோசித்தாள். "ஒண்டு கப்பலிலை வந்த ஒரு ஜெர்மன்காரி வாங்கினவ. நேற்று. கப்பல் போயிருக்கும். மற்றது உங்கட பக்கத்து ஆள்தான். போர்கோவிலை தோடம்பழம் விக்கிற சால்வோ. மகளுக்கெண்டு வாங்கினவன்."

ஒன்று கடலில், ஒன்று தன் வீட்டு வாசலில். எதில் மை இருக்கிறது என்று தெரியாது. வந்த வழியே திரும்பினாள். நடக்கும்போது செபமாலையைச் சொல்லத் தொடங்கி, நடுவில் விட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

சால்வோவின் ஆரஞ்சுப்பழக் கடை சந்தை முனையில். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் நொயேமி, ஆறு வயது, பழப்பெட்டி ஒன்றின் மேல் இருந்தாள். பொம்மை அவள் கக்கத்தில் இருந்தது.

"ஒளிச்சு வைச்சதை நேற்றே கண்டுபிடிச்சிட்டாள்," என்றான் சால்வோ. "செத்தவை இந்த முறை கொஞ்சம் அவசரப்பட்டு வந்திட்டினம் எண்டு சொல்லிச் சமாளிச்சிருக்கிறம்."

ஸ்ரெல்லா அவனைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய் விசயத்தைச் சொன்னாள். அவன் முகம் மாறியது. பெரிய மனிதர்களோடு கதைப்பது போல மகளிடம், "பொம்மையை இந்தச் சின்யோராவிட்டை ஒருக்காக் காட்டு," என்றான்.

நொயேமி கொடுத்தாள். ஸ்ரெல்லா பையைத் திருப்பினாள். அடி மூலையில் மிளகளவில் ஒரு நீலப் பொட்டு. ஓரம் கசிந்து மங்கியிருந்தது.

ஊசி நூலும் சின்னக் கத்தரிக்கோலும் அவள் கைப்பையில் எப்போதும் இருக்கும். நாலு வெட்டில் பை கையோடு வந்துவிடும்.

"நான் உனக்கு வேற பை தைச்சுத் தாறன், பிள்ளை," என்றாள். "சிவப்பிலை. இதைவிட வடிவா."

"ஏன்?"

"இது வேற ஒருத்தற்ற சேட்டிலை இருந்தது. நான் பிழையாத் தைச்சிட்டன்."

"ஆற்ற?"

"பியெத்ரோ எண்டு ஒரு தாத்தா."

நொயேமி பொம்மையைப் பார்த்தாள். பிறகு ஸ்ரெல்லாவைப் பார்த்தாள்.

"அவர் செத்திட்டாரோ?"

"ஓம்."

"அப்ப அவர்தானே கொண்டுவந்தவர்," என்றாள் நொயேமி. அதைச் சொல்ல அவளுக்கு ஒரு யோசனையும் தேவைப்படவில்லை.

சால்வோ தோடம்பழங்களைத் தேவையில்லாமல் அடுக்கினான். "உங்களுக்குக் கட்டாயம் வேணுமெண்டா வெட்டுங்கோ, சின்யோரா. நான் பிள்ளைக்கு ஏதாவது சொல்லிக்கொள்ளுறன்," என்று மெதுவாகச் சொன்னான்.

அவன் மறுத்திருந்தால் அவள் கெஞ்சியிருப்பாள், சண்டையும் பிடித்திருப்பாள். அவன் விட்டுக்கொடுத்ததுதான் அவளுக்குக் கையைக் கட்டியது போலாயிற்று. பொம்மையைத் திருப்பிக் கொடுத்தாள். வீட்டுப் படி ஏறும்போது தன் மேலேயே கோபம் வந்தது. நாலு வெட்டு. பிள்ளை பத்து நிமிடம் அழுதிருக்கும். அதற்குப் பிறகு மறந்திருக்கும். சின்யோரா மறப்பாளா?

றெஜி வேலைக்குப் போக உடுத்திக்கொண்டு நின்றான். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டான்.

"அந்தச் சேட்டின்ர ஒரு கை மிச்சம் இருக்கெல்லோ," என்றான். "அதிலை ஒரு பொக்கற் தையும். உள்ளுக்குப் பேனையாலை ஒரு பொட்டு வையும். துணி அவற்ற துணிதானே."

"அது பொய்யெல்லோ."

"பொய்தான். ஆனா நீர் உண்மையைச் சொல்லி அந்தக் கிழவியை அழவைக்கப் போறீரோ? பதினொரு வருச வேலையும் போகும். யோசியும்."

அவன் போன பிறகு அவள் யோசித்தாள். பிறகு யோசிக்காமல் செய்தாள். மிஞ்சிய சேட்டுக் கையிலிருந்து துணி வெட்டி, ஓரம் மடித்து, பழைய தையலின் அளவிலேயே பொக்கற் தைத்தாள். வெட்டுத்துணியில் மூன்று முறை பொட்டு வைத்துப் பழகினாள். நாலாவது முறை பொக்கற்றில் வைத்து, ஒரு துளித் தண்ணீர் தொட்டு ஓரத்தைக் கசியவிட்டாள். போர்வையின் நடு வெள்ளைச் சதுரத்தில் வைத்துத் தைத்தபோது அவளுக்கே வித்தியாசம் தெரியவில்லை. அதுதான் அவளைப் பயப்படுத்தியது. வாழ்க்கையில் இவ்வளவு திறமாக அவள் ஒன்றும் தைத்ததில்லை.

சனிக்கிழமை காலை புறப்படும் நேரம் கிருசாந்தினி போன் எடுத்தாள். "அக்கா, போர்வை முடிஞ்சுதோ? நாளைக்கு விடிய ஐயர் வாறார்."

"ஓரம் மடிச்சுத் தைக்கிறது மட்டும்தான் கிடக்கு. பொழுதுபடக் கொண்டு வாறன்," என்று சொல்லிச் சின்னப் போர்வையையும் தோளில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினாள்.

பகேரியாவில் சின்யோரா குசினி மேசையைத் துடைத்து வெறுமையாக்கி வைத்திருந்தாள். ஸ்ரெல்லா போர்வையை விரித்தாள். சின்யோரா ஒவ்வொரு சதுரமாகக் கையால் தொட்டு, இது கல்யாணத்துக்குப் போட்டது, இது மகள் வாங்கிக் கொடுத்தது, இது அவருக்குப் பிடிக்காதது என்று சொல்லிக்கொண்டே நடுவுக்கு வந்தாள். பொக்கற்றுக்குள் இரண்டு விரல் விட்டு மெல்ல விரித்தாள். பொட்டைக் கண்டாள்.

"மூடியைப் போடு மனுசா எண்டு எத்தினை தரம் சொன்னனான்," என்றாள். அதை ஸ்ரெல்லாவிடம் சொல்லவில்லை. குனிந்து பொக்கற்றில் வாய் வைக்கப் போனாள்.

"சின்யோரா, வேண்டாம்."

சின்யோரா நிமிர்ந்தாள்.

"அது அவற்ற பொக்கற் இல்லை. துணி அவற்றதான். பொக்கற் நான் தைச்சது. மையும் நான் வைச்சது."

எல்லாவற்றையும் சொன்னாள். செவ்வாய்க்கிழமையை, கடையை, கப்பலை, தோடம்பழக் கடையை. சின்யோராவின் முகத்தில் எதுவும் அசையவில்லை.

"இப்ப ஆரிட்டை இருக்கு?"

"ஒரு சின்னப் பிள்ளையிட்டை."

"கையிலை கத்தரிக்கோல் இருந்தும் ஏன் வெட்டி எடுக்கேல்லை?"

ஸ்ரெல்லா நொயேமி சொன்னதைச் சொன்னாள்.

"பிள்ளையள் கதைக்கிறது பிள்ளையளின்ர கதை," என்றாள் சின்யோரா. "நான் ஐம்பத்திரண்டு வருசம் அந்த மனுசனோடை இருந்தனான்." மேசை லாச்சியை இழுத்துத் திறந்து குசினிக் கத்தரிக்கோலை எடுத்தாள். பொக்கற்றின் தையலை ஒவ்வொன்றாக அறுத்தாள். அவசரப்படவில்லை, துணியைக் கிழிக்கவும் இல்லை. பிரித்த பொக்கற்றை ஸ்ரெல்லாவின் பக்கம் தள்ளி வைத்தாள். போர்வையின் நடுவில் வெறும் வெள்ளைச் சதுரமும் ஊசி போன துளைகளும் மிஞ்சின.

"இனிப் போ, ஸ்ரெல்லா."

திரும்பும் ரயிலில் அவளுக்கு இருக்க இடம் கிடைத்தது. மடியில் சின்னப் போர்வையை விரித்து ஓரத்தைத் தைக்கத் தொடங்கினாள். கண்ணீர் வந்து ஊசி தெரியாமல் போகும்போது நிறுத்துவாள், தெளிந்ததும் தைப்பாள். பலெர்மோ நிலையத்தில் இறங்கும்போது மூன்று ஓரம் முடிந்திருந்தது. நாலாவதைக் கிருசாந்தினியின் வீட்டு வாசற்படியில் இருந்து முடித்துக் கொடுத்தாள். ஞாயிறு அந்தப் பிள்ளை மஞ்சள் போர்வையில் கைகாலை உதறிக்கொண்டு கிடந்த படத்தைப் போனில் எல்லோரும் பார்த்தார்கள்.

திங்கட்கிழமைத் திருப்பலிக்கு ஸ்ரெல்லா போகவில்லை. செவ்வாய்க்கிழமை, கதவு திறக்குமோ திறக்காதோ என்று தெரியாமல் போய் மணியை அடித்தாள். திறந்தது. "பலகணியைக் கழுவ வேணும்," என்று மட்டும் சின்யோரா சொன்னாள். அப்படியே பத்துக் கிழமை போயிற்று. பலகணி, யன்னல், மருந்துக்கடை, இவ்வளவுதான் பேச்சு. போர்வை எங்கே என்று ஸ்ரெல்லா தேடவில்லை. ஒவ்வொரு செவ்வாயும், இன்றைக்குத்தான் கணக்குத் தீர்த்து அனுப்புவாள் என்று நினைத்துக்கொண்டே ரயில் ஏறினாள். றெஜி ஒருமுறை, "நான் அப்பவே சொன்னனான்," என்று தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

இந்தக் கதைக்குப் பிறகு அவள் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்தாள் என்று சொன்னால் அது உண்மையாகாது. டிசெம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு முன் ஒரு போர்வையும் ஏழு தலையணை உறையும் பன்னிரண்டு பொம்மையும் ஒன்றாக ஓடின. வித்தியாசம் என்னவென்றால், ஒவ்வொரு பையிலும் பெயர் எழுதித் தைத்திருந்தாள். அடுத்தவர் உடுத்த துணி என்றால் அதைப் பையில் வைப்பதேயில்லை. அலுமாரியில் வைத்துப் பூட்டினாள்.

ஜனவரி நடுவில் ஒரு வியாழன், வேலை முடிந்து கோட் மாட்டும்போது சின்யோரா பின்னால் வந்து நின்றாள்.

"அந்தத் தோடம்பழக்காரன் சனிக்கிழமை கடை போடுவானோ?"

"போடுவான் சின்யோரா."

"பத்தரை ரெயினிலை வாறன். நிலையத்திலை நில்லு."

சின்யோராவுக்கு எழுபத்தொன்பது வயது. நிலையத்திலிருந்து பஸ்சில் போய், சந்தை முனைக்கு நடந்து சேர்வதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினாள். இவள் அந்தப் பிள்ளையிடம் என்ன சொல்லப் போகிறாள்? கேட்டுவிட்டால்? பிடுங்கிவிட்டால்? சால்வோ ஸ்ரெல்லாவைக் கண்டதும் தராசிலிருந்து கையை எடுத்தான். யார் வந்திருக்கிறார்கள் என்று அவனுக்கு விளங்கிவிட்டது.

நொயேமி பெட்டி மேல்தான் இருந்தாள். பொம்மையின் மயிர் சடைபிடித்திருந்தது. முகத்தில் சாறு காய்ந்த கறை. பை அப்படியே இருந்தது, கொஞ்சம் வீங்கி.

சின்யோரா கிட்டப் போனாள்.

"அதுக்குள்ளை என்ன வைச்சிருக்கிறாய்?"

நொயேமி வாயைத் திறந்து முன் ஓட்டையைக் காட்டினாள். "என்ர பல்லு. ஞாயிற்றுக்கிழமை விழுந்தது." பைக்குள்ளிருந்து கடதாசியில் சுற்றிய பல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

சின்யோரா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். பல்லைப் பார்த்தாளா, திறந்திருந்த பையைப் பார்த்தாளா என்று பக்கத்தில் நின்ற ஸ்ரெல்லாவுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"சுத்தி உள்ளுக்கு வை," என்றாள் கடைசியில். "விழுத்திப்போடுவாய்."

பிறகு சால்வோவின் பக்கம் திரும்பி இரண்டு கிலோ தோடம்பழம் கேட்டாள். ஒவ்வொன்றாகத் தானே அமத்திப் பார்த்து எடுத்தாள். இரண்டைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினாள். பழப்பையை ஸ்ரெல்லாவிடம் நீட்டினாள்.

"நீ தூக்கு. எனக்கு ஏலாது."

இருவரும் நிலையத்துக்குத் திரும்பினார்கள். ரயில் வரக் காத்திருந்தபோது சின்யோரா ஒரு பழத்தை உரித்து, பாதியை ஸ்ரெல்லாவின் கையில் வைத்தாள்.

"நீ சொல்லாமல் விட்டிருந்தா நான் அதைச் சாகும் மட்டும் முத்தமிட்டிருப்பன்," என்றாள். "அதை நினைக்க நினைக்கத்தான் கோவம் வந்தது. உன்னிலை எண்டு நினைச்சன். பிறகு ஆரிலை எண்டு தெரியேல்லை."

பழம் புளித்தது, இருந்தும் ஸ்ரெல்லா முழுக்கச் சாப்பிட்டாள்.

அடுத்த செவ்வாய் படுக்கையறையைக் கூட்டப் போனபோது போர்வை கட்டிலில் விரித்திருந்தது. நடுவில் வெள்ளைச் சதுரம் வெறுமையாகவே இருந்தது. ஸ்ரெல்லா ஓரங்களை இழுத்துச் சரிசெய்து, தலையணையைத் தட்டி வைத்துவிட்டு, யன்னலைத் திறக்கப் போனாள்.